அப்பாவின் இரத்தத்தில் ஓர் ஊக்கு

மாத்திரையை நிறுத்திவிட்டதாக அப்பா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றப்போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

"காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, பசிக்குது, தூக்கம் வருது. இன்னும் எதுக்கும்மா அந்தப் பெரிய மாத்திரை? வாயெல்லாம் கசக்குது."

மூன்று நாளாக விழுங்கவில்லையாம். மொத்தம் 12 வாரம் சாப்பிட வேண்டியது. முடித்திருந்தது 5 வாரம்.

கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, நான் அவரிடம் "சாப்பிடுங்க, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று மட்டும்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான். அவருக்கு வந்திருந்தது மெலியோய்டோசிஸ். அந்தக் கிருமி உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி அங்கே போனது என்று ஒரு நாளும் அவருக்குச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து இருபது வருடம் ஆகிறது. எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு சரிவில் மரவள்ளி, வெண்டை, கருவேப்பிலை, செராய் (எலுமிச்சைப் புல்) என்று கை கொள்ளாத அளவுக்கு வைத்திருக்கிறார். மழை விட்டதும் முதல் ஆளாக மண்வெட்டியோடு இறங்குவார், வெறுங்காலோடு. மண் காலில் பட்டால்தான் தோட்டம் போட்ட மாதிரி இருக்கிறதாம். குதிகாலில் வெடிப்பு உண்டு. இனிப்பு நீர்க்காரர்களுக்கு அது புதிதில்லை.

போன வருடக் கடைசியில், பத்து நாள் விடாத மழைக்கு அப்புறம், காய்ச்சல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறைவது போல் இருந்து மறுபடி ஏறியது. இருமல் சேர்ந்தது, எடை குறைந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கத்தில் நிழல் தெரிந்ததும் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். மாடிப்படியில் பார்க்கிறவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. கடைசியில் மருத்துவமனையில் இரத்தம் எடுத்து, அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில்தான் பெயர் வந்தது: புர்கோல்டேரியா சூடோமாலியை. அதனால் வரும் நோய்தான் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்ந்து, தோல் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே நுழைகிற கிருமி அது.

யாரையும் குறை சொல்ல முடியாது. காசநோயைப் போல, நிமோனியாவைப் போல, சாதாரணச் சீழ்க்கட்டியைப் போல வேடம் போடுகிற நோய் இது. முதலில் கொடுத்த அமாக்சிசிலின் இந்தக் கிருமிக்கு வெறும் தண்ணீர்.

இந்தக் கிருமியை நான் கண்ணாடித் தகட்டில் பார்த்திருக்கிறேன். இரத்தப் புட்டியில் ஏதோ வளர்கிறது என்று இயந்திரம் அறிவித்ததும், ஒரு துளி எடுத்துத் தகட்டில் தடவி, கிராம் சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் வைப்போம். இளஞ்சிவப்பில் சின்னச் சின்னக் குச்சிகள். இரண்டு முனையிலும் சாயம் அடர்த்தியாக, நடுவில் வெளுப்பாக இருக்கும். புடவை மடிப்பில் குத்துகிற ஊக்கை மூடி வைத்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. எங்கள் பாடநூல்களிலும் ஊக்கு வடிவம் என்றுதான் போட்டிருக்கும். அப்பாவின் முடிவை டாக்டர் போனில் சொன்னபோது முதலில் என் கண்ணில் வந்து நின்றது அந்த ஊக்குதான்.

நோய் வெளியே தெரியவந்த கதையில் கோலாலம்பூருக்கும் பங்கு உண்டு. 1912-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி நொந்துபோன ஏழைகளின் பிணங்களைப் பரிசோதித்தபோது கண்டது அது. அடுத்த வருடம், 1913-இல், நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்துவந்த கினிப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அங்கே வேலை செய்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் அந்தச் சாவைத் துரத்திக்கொண்டு போய், ரங்கூன் கிருமியும் இதுவும் ஒன்றே என்று கண்டு, 1921-இல் மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். விட்மோர் நோய் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. கிருஷ்ணசாமியின் பெயரில் எதுவும் இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உடம்பில் கிருமியைத் தின்பதற்கென்றே செல்கள் இருக்கின்றன. 1882-இல் சிசிலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்யர், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கு 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தச் செல்களில் பெரியதை மேக்ரோஃபேஜ் என்கிறோம், பெருவிழுங்கி. நுரையீரலின் ஒவ்வொரு காற்றுப்பையிலும் ரோந்து போய்க்கொண்டிருக்கும்.

பெருவிழுங்கிக்குக் கண் கிடையாது. தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் மேல்தோலில் ஏற்பிகள் என்று கைகள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் உண்டு. சில கைகள் கிருமியின் மேலுள்ள சர்க்கரையை நேராகப் பிடிக்கும். சில கைகள், நம் இரத்தம் ஏற்கெனவே கிருமியின் மேல் ஒட்டிவைத்த அடையாளத்தைப் பிடிக்கும். அந்த அடையாளத்தை ஒட்டுவது எதிரணுக்களும் (ஆன்டிபாடி) காம்ப்ளிமென்ட் புரதங்களும். 1903-இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட் இதற்கு ஆப்சோனின் என்று பெயர் வைத்தார். சாப்பிடுவதற்குப் பக்குவம் செய்து தருதல் என்ற பொருளில் வரும் கிரேக்கச் சொல். தாளித்துப் போடுவது என்று அம்மாவுக்குச் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. தாளித்த கிருமியைப் பெருவிழுங்கி விரும்பித் தின்னும்.

பிடித்த கை இழுத்ததும் செல்லின் தோல் கிருமியைச் சுற்றி எழும்பி, மூடி, உள்ளே ஒரு பையாகிவிடும். பிறகு லைசோசோம் என்ற அமிலமும் நொதியும் நிறைந்த பைகள் வந்து அதோடு சேரும். கிருமி கரையும். ஒழுங்காக நடந்தால் கதை இத்தோடு முடிந்தது.

"அப்ப உள்ள போனா செத்துடும்தானே?" என்றார் அப்பா.

சாகாத கிருமிகள் இருக்கின்றன என்பதுதான் விஷயமே. அவற்றுக்குப் பெருவிழுங்கியின் உள்ளே போவது விபத்து இல்லை. அவை போக விரும்பும் இடமே அதுதான். வெளியே இரத்தத்தில் எதிரணுக்கள் சுற்றுகின்றன, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் அலைகின்றன. காவல்காரன் வீட்டுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டால் யார் தேடப்போகிறார்கள்?

காசநோய்க் கிருமி இதில் கெட்டிக்காரன். அது காம்ப்ளிமென்ட் ஒட்டிய தோலோடு, அந்த அடையாளத்தைப் பிடிக்கும் ஏற்பி வழியாகப் போகிறது. அந்த வாசலில் அபாயமணி அவ்வளவு சத்தமாக அடிப்பதில்லை. கிருமியின் மேலுள்ள மேனோஸ் என்ற சர்க்கரை முனை இன்னொரு ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போனதும், தான் இருக்கும் பையோடு லைசோசோம் சேராதபடி தடுத்துவிடும். லண்டனில் ஆம்ஸ்ட்ராங், ஹார்ட் என்ற இருவர் 1971-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இதைக் காட்டினார்கள். லாக்கப்பில் அடைத்தாகிவிட்டது, ஆனால் விசாரிக்க வேண்டிய ஆள் வரவே மாட்டேன் என்கிறார். கைதி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறான்.

டைஃபாய்டுக் கிருமி வேறு மாதிரி. அது காத்திருக்காது. ஊசி போன்ற ஒரு கருவியைச் செல்லின் தோலில் குத்தி, தன் புரதங்களை உள்ளே செலுத்தி, தன்னை விழுங்கும்படி செல்லையே ஆட்டிவைக்கும்.

அப்பாவின் கிருமிக்கு இந்த ஊசியும் உண்டு, வேறு சாமான்களும் உண்டு. அதன் மேல் வழவழப்பான ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. தாளிப்பு அதில் சரியாக ஒட்டாது. சாதாரணச் செல்களில் ஒட்டிக்கொள்ள மெல்லிய நார்களும் ஒட்டுப் புரதங்களும் வைத்திருக்கிறது. பெருவிழுங்கி அதை விழுங்கினால் பையில் தங்குவதில்லை. சில மணி நேரத்துக்குள், ஊசிக் கருவியின் உதவியோடு பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுவே வந்துவிடும். அங்கே பெருகும். அப்புறம் செய்வதுதான் என்னை இன்றைக்கும் அசர வைக்கிறது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல்கலைக்கழகக் கடைசி வருடத்தில் இதன் ஒன்றுவிட்ட தம்பியை வைத்து ஆய்வு செய்தேன். புர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று பெயர், மனிதர்களுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு, அதனால் மாணவர்கள் கையில் கொடுப்பார்கள். 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் எலியின் பெருவிழுங்கிச் செல்களை முந்தின நாளே வளர்த்து வைப்போம். மறுநாள் ஒவ்வொரு செல்லுக்கும் பத்துக் கிருமி என்ற கணக்கில் விடுவோம். கேள்வி இதுதான்: எத்தனை கிருமி செல்லின் மேல் சும்மா ஒட்டியிருக்கிறது, எத்தனை உள்ளே போயிருக்கிறது? நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்துவிட்டால் செல்லின் இயக்கம் நின்றுவிடும். கிருமி ஒட்டும், ஆனால் உள்ளே இழுக்க ஆள் இருக்காது. இன்னொரு தட்டை 37 டிகிரியில் வைத்தால் இழுத்துக்கொள்ளும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் சைட்டோகலாசின் என்ற பொருளைக் கலந்தாலும் செல்லின் தசை மாதிரி வேலை செய்யும் ஆக்டின் இழைகள் முடங்கி, கிருமி வாசலிலேயே நிற்கும். ஒட்டுவது வேறு, நுழைவது வேறு என்று அப்போதுதான் என் கையாலேயே தெரிந்துகொண்டேன். ஒட்டுவதற்குக் கிருமியின் சாமான் போதும். நுழைவதற்கு நம் செல்லின் உழைப்பு வேண்டும்.

அப்புறம் எண்ண வேண்டும். மூன்று முறை மெதுவாகக் கழுவி, செல்லுக்குள் அவ்வளவாகப் போக முடியாத ஓர் ஆன்டிபயாடிக்கை ஊற்றுவோம். எங்கள் கிருமிக்குக் கனமைசின். வெளியே இருப்பது எல்லாம் செத்துவிடும், உள்ளே இருப்பது மட்டும் பிழைக்கும். பிறகு லேசான சோப்புக் கரைசலால் செல்லை உடைத்து, உள்ளே இருந்ததைக் கிருமி வளரும் அகார் தட்டில் பரப்பி, மறுநாள் காலை புள்ளி புள்ளியாக எண்ணுவோம். பேனாவால் தட்டின் அடியில் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி எண்ணிய அந்தக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் மருந்து வெளியே நிரம்பி நின்றபோது செல்லுக்குள் பத்திரமாக இருந்த ஒரு கிருமி.

இந்த இடத்தில் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மருந்து வெளிய, அது உள்ள" என்றார் மெதுவாக.

ஆமாம் அப்பா.

ஒரு தட்டை மட்டும் உடைக்காமல் இரவு முழுக்க விட்டுவிட்டுச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். தனித்தனியாக இருக்க வேண்டிய செல்களைக் காணோம். தோல்கள் எல்லாம் உருகிச் சேர்ந்து, பரந்த ஒரே செல்லாகி, அதற்குள் பத்துப் பதினைந்து உட்கருக்கள் ஊதாப் பொட்டுகளாகக் கூட்டம் போட்டு நின்றன. எங்கள் ஃபிளாட்டில் சுவர்களை எல்லாம் இடித்து ஒரே மண்டபமாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கிருமிதான் செய்கிறது. செல்லின் ஆக்டினை எடுத்துத் தனக்கு வாலாகக் கட்டிக்கொண்டு, அதன் உந்துதலில் பக்கத்துச் செல்லின் சுவர்வரை போகும். அங்கே வேறொரு கருவியால் இரண்டு சவ்வையும் ஒட்டவைத்துவிடும். இந்த அண்ணன் தம்பிகளைத் தவிர இப்படிச் செல்களை இணைக்கத் தெரிந்த பாக்டீரியா மிக அபூர்வம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக அது தெருவில் இறங்கவே வேண்டாம். தெருவில் நிற்கும் எதிரணு என்ன செய்யும்?

அதனால்தான் எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது. அப்பா படுத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த அறிவுரைகளுக்குக் கணக்கில்லை. நிலவேம்பு, மஞ்சள் பால், ஏதோ ஒரு பொடி டப்பா. அன்பால்தான் அனுப்புகிறார்கள், மஞ்சள் பாலை நானும் குடிக்கிறவள்தான். ஆனால் இந்த நோய் எதிர்ப்பு சக்தியின் உள்ளேயே குடியிருக்கிறது. அதை வெளியேற்றச் செல்லுக்குள் போகிற மருந்து வேண்டும், நாள் கணக்கு வேண்டும்.

இனிப்பு நீர் இங்கேதான் சேர்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் முதலில் ஓடி வர வேண்டிய நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன. வருவதும் தாமதம், விழுங்குவதும் குறைவு. மலேசியாவிலும் தாய்லாந்திலும் மெலியோய்டோசிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், சில இடங்களில் அதற்கும் மேல், நீரிழிவு உள்ளவர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம் சனங்களிடம்தான் அதிகம். தோட்டம் போடுகிற கை, வெறுங்கால், இனிப்பு நீர், இவை மூன்றும் நம் வீடுகளில் சேர்ந்தே இருக்கின்றன. இதை நம் கோயில் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் யாராவது மைக்கில் சொல்ல வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2016-இல் வெளியான மதிப்பீடு. 2010-இல் பகாங்கின் லுபுக் யூவில், ஆற்றில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இந்த நோயும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து பரவி 8 பேர் இறந்தது நம்மூர்ப் பத்திரிகைகளில் வந்த செய்தி. அப்புறம் மறந்துவிட்டோம்.

அப்பாவுக்கு முதலில் நான்கு வாரம் செஃப்டாசிடைம் ஊசி, ட்ரிப் வழியாக. இரவு பத்து மணி ஊசிக்கு வரும் மிஸி (நர்ஸ்), "அங்கிள், கைய கொடுங்க" என்று சொல்லும்போதே அவர் நரம்பைத் தேடிக் கையைத் திருப்பி வைப்பார். அது பரவிக் கிடக்கும் கிருமியை அடித்து ஆளைப் பிழைக்க வைப்பதற்கு. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, ஒளிந்திருக்கும் மிச்சத்துக்கு. செல்லுக்குள் நன்றாகப் போகக்கூடிய மருந்து அது. பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுபடி ஊசியிலிருந்து தொடங்க வேண்டும்.

"எவ்வளவு நாள் ஒளிஞ்சிருக்கும்?" என்று அப்பா கேட்டார்.

மிக நீண்டது என்று பல காலம் சொல்லப்பட்ட கணக்கைச் சொன்னேன், அந்தக் கிருமி போர்க்காலத்தில் தொற்றியதுதானா என்று பின்னால் சந்தேகித்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தப் பக்கம் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குப் போய், வாழ்ந்து, கிழவராகி, 62 வருடம் கழித்து அவர் கையில் புண்ணாக வெளியே வந்தது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய பெரியப்பா அதே போரில், சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட எஸ்டேட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பி வரவில்லை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

"அந்த மண்ணுலயும் இது இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

இருந்திருக்கும் என்றேன். வடகிழக்குத் தாய்லாந்தில் வயலுக்கு வயல் இருக்கிறது, நம் நாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. நாம் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது.

எழுந்து போய்க் குளிர்சாதனப்பெட்டி மேலிருந்த மாத்திரை உறையை எடுத்து வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். மறுநாள் நான் டாக்டரிடம் விட்டுப்போன மூன்று நாளைச் சொல்லிக் கேட்டேன். அந்த நாள்களையும் கடைசியில் கூட்டிக்கொள்ளச் சொன்னார். அம்மா கோயில் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போட ஆரம்பித்தார், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.

காலண்டரில் கோடுகள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை சௌகிட்டில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கடை ஏறி இறங்கினோம், அவர் பாதம் அகலம். நேற்று மழை விட்டதும் வாசலில் உட்கார்ந்து, குதிகால் வெடிப்பில் பிளாஸ்திரி ஒட்டி, சாக்ஸ் போட்டு, பூட்ஸுக்குள் காலை விட்டார். கையுறையை மறந்துவிட்டுப் படியிறங்கினவரை அம்மா திரும்பக் கூப்பிட்டார்.